அழையா விருந்தாளிகளின் ஆகஸ்ட்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஆகஸ்டுதோறும் நடக்கும் ஃபிரிஞ்ச் என்ற கலை விழாவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன், புது காமெடி நாடகங்களுக்கு அதைவிடப் பெரிய சந்தை உலகத்தில் இல்லை என்று. நாலு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த இதழில் பத்தி முழுவதும் அதற்கே. அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆகஸ்டில் போகிறேன். "அப்பா, எடின்பரோவுக்கு அஞ்சு நாள் போகலாம், வயிறு வலிக்கச் சிரிக்கலாம்" என்கிறாள். இந்த ஃபிரிஞ்சை யார் நடத்துகிறார்கள்? அரசாங்கமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை

யாரும் நடத்தவில்லை சார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான்.

1947இல், உலகப் போர் முடிந்து இரண்டு வருடம் ஆன நிலையில், எடின்பரோவில் சர்வதேச கலை விழா ஒன்றை ஆரம்பித்தார்கள். ஓபரா, இசை, நாடகம் என்று பெரிய பெரிய குழுக்களுக்கு அழைப்பு போனது. அழைப்பே வராத எட்டு நாடகக் குழுக்கள், ஆறு ஸ்காட்லாந்துக்காரர்கள், இரண்டு இங்கிலாந்துக்காரர்கள், ஊரே கூடியிருக்கிறது, நாமும் போட்டால் என்ன என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, கிடைத்த இடத்தில் நாடகம் போட்டார்கள். அதில் ஒரு நாடகம் எடின்பரோவிலேயே நடக்கவில்லை, சுமார் இருபது மைல் தள்ளி டன்ஃபெர்ம்லின் என்ற ஊரின் பழைய மடாலயத்தில் நடந்தது. அடுத்த வருடம் ராபர்ட் கெம்ப் என்ற நாடக ஆசிரியர், விழாவின் 'ஓரத்தில்' நடக்கும் இந்தக் கூத்துகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியபோது அவர் போட்ட ஆங்கிலச் சொல்தான் ஃபிரிஞ்ச். முந்தானை ஓரத்தில் தொங்கும் குஞ்சத்துக்கும் அதே சொல்தான். இன்றைக்குச் சேலையைவிடக் குஞ்சம் பெரிதாகிவிட்டது: 2019இல் மட்டும் 3,800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள், 30 லட்சம் டிக்கெட்.

1958இல் ஃபிரிஞ்ச் சங்கம் என்று ஒன்று வந்தது. அவர்கள் நிகழ்ச்சிப் புத்தகம் அச்சிடுவார்கள், டிக்கெட் விற்பார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்வார்கள். ஆனால் எந்த நாடகம் வரலாம், எது வரக்கூடாது என்று தேர்வு செய்ய மாட்டார்கள். கட்டணத்தைக் கட்டி, ஓர் அரங்கையும் பிடித்துவிட்டால் நீங்களும் ஃபிரிஞ்ச்தான். அங்கே ஐந்து நாளில் நீங்கள் பார்க்கப்போகும் அற்புதங்களுக்கும் அறுவைகளுக்கும் காரணம் இந்த ஒரே விஷயம். 'இது தேறாது' என்று சொல்வதற்கு வாசலில் ஆள் கிடையாது.

காமெடி நாடகம் என்கிறீர்கள். மைக் பிடித்துப் பேசும் ஸ்டாண்ட்-அப்தானே அங்கே எல்லாம்? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
– கல்லூரி மாணவி, திருச்சி

ஸ்டாண்ட்-அப் அதிகம்தான், மறுக்கவில்லை. ஃபிரிஞ்ச் நிகழ்ச்சிப் புத்தகத்தில் வெகுகாலம் நாடகப் பிரிவுதான் தடிமனாக இருந்தது. 2008இல் முதல் முறையாகக் காமெடிப் பிரிவு அதை முந்தியது, 'போச்சு, நாடகம் செத்தது' என்று அப்போது புலம்பியவர்கள் உண்டு.

ஆனால் காமெடிப் பிரிவு, நாடகப் பிரிவு என்பதெல்லாம் குழுவே போட்டுக்கொள்ளும் பெயர். இதில் ஒரு பெரிய சூட்சுமம் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து, ஒரு சாவு வீட்டில் உயில் காணாமல் போவதை வைத்து ஒரு நாடகம் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காமெடி என்று பதிவு செய்தால், வருகிறவர் நாலு நிமிடத்துக்கு ஒரு சிரிப்பாவது வேண்டும் என்று உட்காருவார். இருபதாவது நிமிடத்தில் அம்மா அழும் காட்சி வந்தால் நெளிவார். அதே நாடகத்தை நாடகப் பிரிவில் போட்டால், சிரிப்பு வரும்போதெல்லாம் 'அட, பரவாயில்லையே' என்று நன்றியோடு சிரிப்பார், அழும் காட்சியில் மூக்கை உறிஞ்சுவார். வசனம் ஒன்றுதான், நடிகர்களும் அவர்களேதான், மாறியது பார்க்க வந்தவரின் எதிர்பார்ப்பு மட்டும். பரிசு விஷயத்திலும் இது இடிக்கும். காமெடிக்கென்று 1981இலிருந்து தரப்படும் விருது தனி, புது நாடக எழுத்துக்காக 'ஸ்காட்ஸ்மன்' பத்திரிகை 1973இலிருந்து தரும் 'ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட்' தனி. ஆகவே எந்தப் பிரிவு என்று முடிவு செய்வதற்கே குழுக்களுக்குள் சண்டை வரும் என்பதை என்னால் சுலபமாகக் கற்பனை செய்ய முடிகிறது.

என் ஆலோசனை: புத்தகத்தின் நாடகப் பிரிவில் 'இருண்ட நகைச்சுவை', 'அபத்தம்', 'கேலி' என்று வர்ணித்திருப்பவற்றைத் தேடுங்கள். நல்ல காமெடி நாடகம் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இணையத்தில் பார்த்தேன், எல்லா நாடகமும் ஐம்பத்தைந்து நிமிடம், ஒரு மணி நேரம் என்றே போட்டிருக்கிறது. நம் சபா நாடகம் இரண்டு மணி நேரம், இடைவேளை, கேன்டீன் என்று நிறைவாக இருக்குமே. ஏன் இப்படி அவசரம்?
– நாடக ரசிகர், மயிலாப்பூர்

கேன்டீன் வருத்தம் எனக்கும் உண்டு. இடைவேளையே கிடையாது, அதனால் பக்கத்து சீட்டுக்காரரிடம் 'எப்படி இருக்கு?' என்று கேட்கிற சுகமும் கிடையாது.

காரணம் இடப் பஞ்சம். ஆகஸ்டில் அந்த ஊரில் பல்கலைக்கழக வகுப்பறை, தேவாலயம், மதுக்கடையின் மாடி, பாலத்துக்கு அடியில் இருக்கும் கல் நிலவறை, ஏன், சரக்குக் கன்டெய்னர்கூட அரங்கமாகிவிடும். ஒரே அறையில் காலையிலிருந்து நள்ளிரவு தாண்டி, ஒன்றன்பின் ஒன்றாக எட்டு, ஒன்பது குழுக்கள். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நடுவே கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குள் இவர்கள் சாமானைத் தூக்கி, அவர்கள் சாமானை வைத்து, விளக்கைச் சரிபார்த்து, ஜனத்தை உள்ளே விட வேண்டும். நேரம் தாண்டினால் விளக்கை அணைத்துவிடுவார்கள், அபராதம் போடும் அரங்குகளும் உண்டு.

இந்த நெருக்கடிதான் அங்கே எழுதப்படும் காமெடியின் வடிவத்தையே தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். சோபா செட், மாடிப்படி, கதவு மூன்று என்று வீடு கட்ட முடியாது. இரண்டு நாற்காலி, ஒரு சூட்கேஸ், முடிந்தால் ஒரு தொப்பி ஸ்டாண்டு. நடிகர்கள் இரண்டு, மூன்று பேர், அவர்களே பத்து வேஷம். மாமனார் வேஷத்திலிருந்து மருமகள் வேஷத்துக்கு மாற துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொள்ளும் நேரம்தான் கிடைக்கும், அந்த அவசரமே ஒரு நகைச்சுவை ஆகிவிடும். இல்லாத ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள், நாமும் கூடச் சேர்ந்து பார்ப்போம். தெருக்கூத்தில் ஒரு திரையை வைத்துக்கொண்டு அரண்மனை, காடு, போர்க்களம் எல்லாம் காட்டிய ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இது புதிதில்லை.

ஒரு மணி நேரத்தில் கதைக்கு ஒரு தாளமும் படிந்துவிட்டது. முதல் நாற்பது நிமிடம் சிரிக்க வைத்து, பிறகு திடீரென்று ஒரு சோகத்தை இறக்கி, கடைசி ஐந்து நிமிடத்தில் பழைய ஜோக் ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்து முடிப்பது. பெரும்பாலும் செத்துப்போன அப்பாதான் அந்த நாற்பதாவது நிமிடத்தில் வருவார். அந்த ஊர்க்காரர்களே இதைக் கிண்டல் செய்யும் அளவுக்குப் பழகிப்போன சூத்திரம். ஒரே நாளில் நான்கு நாடகம் பார்த்தால் மூன்று அப்பாக்களைப் புதைத்துவிட்டு வரலாம். அந்தச் சூத்திரத்தை வேண்டுமென்றே உடைக்கும் நாடகம் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

அங்கே சின்னதாக ஆரம்பித்து உலகப் புகழ் பெற்ற நாடகங்கள் சிலவற்றைச் சொல்லுங்களேன்.
– வங்கி ஊழியர், ஈரோடு

என் மனதுக்கு நெருக்கமான கதை 1966ஆம் வருடத்தது. ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் குழு ஒன்று, பெயர் தெரியாத ஓர் இளம் எழுத்தாளரின் நாடகத்தை ஒரு சின்ன ஹாலில் போட்டது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் இரண்டு எடுபிடிப் பாத்திரங்கள் வருமே, ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன், அவர்கள் இருவரையும் நடுவில் நிறுத்தி, தங்களைச் சுற்றி என்ன நடக்கிறது என்றே புரியாமல் அவர்கள் காசு சுண்டி விளையாடிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார். உள்ளூர் விமர்சனங்கள் சாதகமாக இல்லை. ஆனால் லண்டன் 'அப்சர்வர்' பத்திரிகையின் விமர்சகர் பார்த்துவிட்டுப் பாராட்டி எழுத, லண்டன் நேஷனல் தியேட்டரிலிருந்து ஸ்கிரிப்டைக் கேட்டார்கள். அடுத்த வருடமே அங்கே அரங்கேறியது. அந்த எழுத்தாளர் டாம் ஸ்டாப்பார்டு.

நம் காலத்துக்கு வந்தால், 2013ஆம் வருடம் ஒரு விசேஷமான வருடம். ஃபீபி வாலர்-பிரிட்ஜ் தனியாளாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நடித்த 'ஃப்ளீபேக்' அந்த ஆகஸ்டில்தான் கவ்கேட் பகுதியில் அண்டர்பெல்லி அரங்கில் வந்தது, ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட் வாங்கியது, மூன்று வருடத்தில் தொலைக்காட்சித் தொடர் ஆனது. அதே ஆகஸ்டில் 'தி ப்ளே தட் கோஸ் ராங்' என்ற கோமாளித்தனமும் அங்கே இருந்தது. அமெச்சூர் குழு ஒன்று கொலை மர்ம நாடகம் போடுகிறது, கதவு திறக்கவில்லை, பிணமாகப் படுத்திருப்பவர் விரலை மிதித்துவிடுகிறார்கள், செட் ஒவ்வொன்றாகச் சரிகிறது. 2012இல் லண்டனில் ஒரு மதுக்கடைக்கு மேலிருக்கும் சின்ன அரங்கில் ஒரு மணி நேர நாடகமாக ஆரம்பித்தவர்கள், பின்னால் அதை இரண்டு அங்கமாக வளர்த்து 2014இல் லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டுக்கும் 2017இல் நியூயார்க்கின் பிராட்வேக்கும் கொண்டுபோனார்கள்.

'பேபி ரெயின்டீர்' தொடரை நெட்ஃபிளிக்ஸில் 2024இல் பார்த்துவிட்டு அரண்டு போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ரிச்சர்டு காட் அதை 2019இல் சம்மர்ஹாலில் தனிநபர் நாடகமாகப் போட்டார். சம்மர்ஹால் ஒரு காலத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி, இப்போது அரங்கம். 2016இல் காமெடி விருதையும் வாங்கியவர் அவர், ஓடு இயந்திரத்தின் மேல் ஓடிக்கொண்டே நடித்து.

விருது என்றதும் ஞாபகம் வருகிறது, 1981இல் அந்த விருதை முதன்முதலில் வாங்கியது கேம்பிரிட்ஜ் மாணவர் குழு. அதில் இருந்தவர்கள் எம்மா தாம்சன், ஹ்யூ லாரி, ஸ்டீபன் ஃப்ரை. ஒரே மேடையில்! அந்த வருடம் டிக்கெட் வாங்கியவர்கள் இன்றுவரை பேரன் பேத்திகளிடம் அலட்டிக்கொண்டிருப்பார்கள்.

தமிழர்கள் யாராவது அந்தப் பக்கம் தலைகாட்டியிருக்கிறார்களா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ரொமேஷ் ரங்கநாதன். பெற்றோர் இலங்கைத் தமிழர்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு மைக் பிடித்தார். 2013இல் ஃபிரிஞ்ச் விருதுகளில் சிறந்த புதுமுகத்துக்கான பட்டியலில் இருந்தார். பத்து வருடம் கழித்து 2023இல் முதன்மை விருதை வாங்கிய அஹிர் ஷா இந்திய வம்சாவளி, தமிழர் அல்ல, ஆனால் தாத்தா கடல் கடந்து போய் உழைத்த கதை என்பதால் நமக்கும் தொண்டை அடைக்கும். இவர்கள் இருவரும் ஸ்டாண்ட்-அப்காரர்கள். தமிழ்க் குடும்பத்து ரகளையை வைத்து முழு நாடகமாக ஒன்றை அங்கே பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சீதனப் பேச்சுவார்த்தை ஒன்று போதுமே, ஒரு மணி நேரத்துக்கு.

விமர்சனத்தில் போடும் நட்சத்திரங்களை நம்பலாமா?
– வாசகி, மதுரை

பாதி நம்பலாம். ஆகஸ்டில் அந்த ஊரில் விமர்சகர் அல்லாதவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பெரிய பத்திரிகை, விழாவுக்கென்றே முளைக்கும் இலவசப் பத்திரிகை, இணையதளம், மாணவர் என்று எல்லோரும் நட்சத்திரம் வழங்குகிறார்கள். நாலு நட்சத்திரம் கிடைத்த மறுநாள் காலை அந்தக் குழுவே உட்கார்ந்து, அச்சடித்த நட்சத்திரப் பட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி, மிச்சமிருக்கும் நோட்டீஸ்களில் ஸ்டேப்ளர் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஐந்து நட்சத்திரம் யார் கொடுத்தார்கள் என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். பேரே கேள்விப்படாத தளமாக இருந்தால் கொடுத்தவர் நடிகரின் ரூம்மேட்டாகவும் இருக்கலாம்.

நட்சத்திரத்தைவிட எனக்கு நம்பகமானது வரிசை. ஒரு நாடகத்துக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரிடம் 'நேற்று என்ன பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள். பிரிட்டிஷ்காரர்கள் அந்நியரிடம் பேச மாட்டார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு மாதம் செல்லாது.

நாங்கள் ஆறு நண்பர்கள் கல்லூரிக் காலத்திலிருந்து காமெடி நாடகம் போடுகிறோம். தேர்வே இல்லை என்கிறீர்கள், அப்படியானால் நாங்களும் எடின்பரோ போகலாமா? கையில் எவ்வளவு மிஞ்சும்?
– ஐ.டி. ஊழியர், சென்னை

முதல் கேள்விக்குப் பதில், போகலாம். இரண்டாவது கேள்வியைப் படித்ததும் காபி புரையேறிவிட்டது.

மிஞ்சாது தம்பி. பெரும்பாலான குழுக்கள் அங்கே நஷ்டப்படத்தான் போகின்றன, தெரிந்தேதான் போகின்றன. கணக்கைக் கேளுங்கள். ஃபிரிஞ்ச் சங்கத்தில் பதிவுக் கட்டணம். அரங்குக்காரரோடு பொதுவாக டிக்கெட் வசூலில் 60க்கு 40 பங்கு, 60 உங்களுக்கு. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் பல அரங்குகள் குறைந்தபட்சத் தொகை ஒன்றைச் சொல்லி, வசூல் வந்தாலும் வராவிட்டாலும் அது எங்களுக்கு வந்தாக வேண்டும் என்பார்கள். அப்புறம் நோட்டீஸ், போஸ்டர், விளம்பரம் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம், காப்பீடு. இதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு செலவு மட்டும் தனியாக நின்று பல்லைக் காட்டும், அது வீட்டு வாடகை. ஆகஸ்டில் அந்த ஊர் வாடகை மற்ற மாதங்களைப் போல இருக்காது, எகிறிவிடும். மூன்றரை வாரத்துக்கு ஆறு பேர் தங்க ஆயிரக்கணக்கில் பவுண்டு ஆகும். தினமும் ரயிலில் பக்கத்து ஊரிலிருந்து வந்துபோகும் குழுக்கள் இருக்கின்றன, ஒரே வீட்டில் பத்துப் பேர் தரையில் உருளும் குழுக்களும் இருக்கின்றன. திறமை இருந்தும் வசதி இல்லாதவன் போக முடியாமல் ஆகிவிட்டது, தேர்வே இல்லாத விழா என்று பெருமைப்படுகிறார்களே, பர்ஸ்தானே இப்போது தேர்வு செய்கிறது என்று அங்கேயே பல கலைஞர்கள் கசப்போடு சொல்கிறார்கள். நியாயமான கசப்பு.

விசா பற்றிக் கடிதத்தின் பின்பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டன் அரசு சில விழாக்களைப் பட்டியலிட்டு, அங்கே நடிக்க வருகிறவர்களுக்குத் தனி வேலை அனுமதி தேவையில்லை, பார்வையாளர் விசாவிலேயே வரலாம் என்று வைத்திருக்கிறது. எடின்பரோ ஃபிரிஞ்ச் அந்தப் பட்டியலில் உண்டு. விதிகள் மாறும், விண்ணப்பிக்கும் முன் அந்த வருடத்துப் பட்டியலை ஒரு முறை பாருங்கள்.

ஆறு பேரை மூன்று பேராக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். யாரை விடுவது என்ற பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். முழு மாதமும் வேண்டாம், ஒரு வாரம் மட்டும் போடும் குழுக்களும் நிறைய. இன்னொரு வழியும் இருக்கிறது, கனடாவின் எட்மன்டன் நகரத்திலும் ஆகஸ்டில் ஒரு ஃபிரிஞ்ச் நடக்கிறது, 1982லிருந்து. அங்கே குலுக்கல் சீட்டு முறை. பெயர் வந்துவிட்டால் அரங்கை விழாவே கொடுக்கும், நீங்கள் வைக்கும் டிக்கெட் விலை முழுவதும் உங்களுக்கே. கையைக் கடிக்காத ஃபிரிஞ்ச் வேண்டுமென்றால் அந்தப் பக்கமும் பாருங்கள்.

நஷ்டம் என்று தெரிந்தும் ஏன் போகிறார்கள்? பைத்தியமா?
– அதே கடிதத்தில், வேறு கையெழுத்தில் (நண்பரின் மனைவியாக இருக்கலாம்)

கொஞ்சம் பைத்தியம்தான் அம்மா. ஆனால் இருபத்தைந்து நாள் தொடர்ந்து தினமும் ஒரு காமெடி நாடகத்தை, முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால் போட வேறு எங்கே வாய்ப்பு கிடைக்கும்? சொந்த ஊரில் போட்டால் சித்தப்பாவும் ஆபீஸ் நண்பர்களும் வந்து சிரித்துவிட்டுப் போவார்கள், அது அன்பு, சிரிப்பில் சேராது. அங்கே முதல் நாள் எந்த வசனத்துக்கு மௌனம் விழுந்ததோ அதை அன்று இரவே வெட்டுகிறார்கள். மூன்றாம் நாள் ஒரு நடிகர் தவறுதலாக நாற்காலியில் தடுக்கி விழ, கூட்டம் உருண்டு சிரிக்க, நாலாம் நாளிலிருந்து அந்தத் தடுக்கல் நாடகத்தில் நிரந்தரம். முதல் வாரம் பார்த்த நாடகத்தைக் கடைசி வாரம் பார்த்தால் அக்காவும் தங்கையும் மாதிரி இருக்கும், ஜாடை உண்டு, ஆள் வேறு. கூடவே தொலைக்காட்சிக்காரர்கள், தயாரிப்பாளர்கள், வேறு ஊர் விழாக்காரர்கள் என்று எல்லோரும் அந்த மாதம் அந்த ஊரில்தான் அலைகிறார்கள். யார் எந்த இருட்டு அறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. அந்த நப்பாசையும்தான்.

இலவசமாகவே பல ஷோ நடக்கிறதாமே?
– சிக்கனமான வாசகர், சேலம்

நடக்கிறது. 1996இல் பீட்டர் பக்லி ஹில் என்ற நகைச்சுவையாளர் ஆரம்பித்து வைத்த வழக்கம். நடிகர் அரங்குக்கு வாடகை தர வேண்டாம், மதுக்கடைக்காரர் அறையைச் சும்மா கொடுப்பார், வருகிற கூட்டம் குடிக்கும் என்ற நம்பிக்கையில். உள்ளே போக டிக்கெட் இல்லை. ஆனால் முடிந்ததும் நடிகர் வாசலில் வாளியோடு நிற்பார். இலவசம் என்று எழுதியிருந்ததே என்று நாணயத்தைப் போட்டுவிட்டு நழுவாதீர்கள் சேலத்துக்காரரே, நோட்டாகப் போடுங்கள். கீழ்த்தளத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பீர் பீப்பாய் உருளும் சத்தத்துக்கு நடுவே ஒரு மணி நேரம் உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறார்.

காசு கொடுத்துப் பார்ப்பதிலும் வழி உண்டு. தொடக்க நாட்களில் முன்னோட்டக் காட்சிகள் விலை குறைவு. முதல் திங்கள், செவ்வாயில் ஒரு டிக்கெட் விலைக்கு இரண்டு தரும் வழக்கம் உண்டு.

பெற்றோரோடு போகிறேன். இரட்டை அர்த்தம், கெட்ட வார்த்தை இருக்குமா?
– வாசகி, பெங்களூரு

ஒற்றை அர்த்தத்திலேயே இருக்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் 14 வயதுக்கு மேல், 16, 18 என்று போட்டிருப்பார்கள், கூடவே எச்சரிக்கைக் குறிப்பும் இருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். பகல் காட்சிகள் பொதுவாகச் சாது. இரவு பத்து மணிக்கு மேல் அப்பாவை ஹோட்டலில் விட்டுவிடுவது உங்கள் இருவருக்கும் நல்லது. இன்னொன்று, யாரோடு போனாலும் முதல் வரிசையில் உட்காராதீர்கள். மேடைக்கு இழுத்துவிடுவார்கள்.

ஸ்காட்லாந்து ஆங்கிலம் புரியுமா? மழை வருமா?
– வாசகர், நாகர்கோவில்

முதல் நாள் புரியாது. வரும், தினமும், குடை காற்றில் திரும்பிக்கொள்ளும். தலை மூடும் மழைக்கோட்டு எடுத்துப் போங்கள், பகல் உச்சமே 19 டிகிரி அளவில்தான்.

எனக்கு ஐந்து நாள்தான். மூவாயிரம் நிகழ்ச்சியில் எதை என்று தேர்ந்தெடுப்பது?
– மறுபடியும் கோவை ஆசிரியரேதான், இரண்டாவது கடிதத்தில்

ஒரு நாளைக்கு மூன்று, மிஞ்சிப்போனால் நாலு. அதற்கு மேல் போனால் எந்த அப்பா எந்த நாடகத்தில் செத்தார் என்று குழம்பிவிடும். ஒன்றை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், பெயர் வாங்கியதாக இருக்கட்டும். பிளெசன்ஸ், அசெம்ப்ளி, கில்டட் பலூன், அண்டர்பெல்லி என்ற நான்கு பெரிய அரங்குக் கூட்டங்களில் கிடைக்கும். புது எழுத்துக்கு டிராவர்ஸ் அரங்கையும் சம்மர்ஹாலையும் பாருங்கள். மாணவர்களே நடத்தும் பெட்லம் என்ற அரங்கம் பழைய தேவாலயம் ஒன்றில் இருக்கிறது, அங்கே ஒரு முறை எட்டிப் பாருங்கள். இரண்டாவது நாடகத்தை ராயல் மைல் தெருவில் நோட்டீஸ் நீட்டுகிறவர்களிடம் விடுங்கள். நோட்டீஸை வாங்கிக்கொண்டு 'எதைப் பற்றி?' என்று கேளுங்கள். இரண்டு வரியில் உங்களைச் சிரிக்க வைத்தால் போங்கள். எழுதியவரேதான் பெரும்பாலும் நோட்டீஸும் கொடுப்பார், அவருக்கே இரண்டு வரி வரவில்லை என்றால் ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்? மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுங்கள்.

இரண்டு காட்சிக்கு நடுவே குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். எடின்பரோ வரைபடத்தில் மட்டமாகத் தெரியும், ஆனால் அது மாடி வைத்த ஊர். நான் ஒரு முறை அரங்கின் மேலேயே, சரியாக அதே புள்ளியில் நின்றுகொண்டு அதைத் தேடினேன். நின்றது நான்காம் ஜார்ஜ் பாலத்தின் மீது, அரங்கின் வாசல் கீழே கவ்கேட் தெருவில். படிக்கட்டைக் கண்டுபிடித்து இறங்குவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். தாமதமாக வந்தால் உள்ளே விட மாட்டார்கள், கெஞ்சினாலும். டிக்கெட் காசு போனது போனதுதான். இன்னொன்று, ஞாயிறு தவிர தினமும் பகல் ஒரு மணிக்குக் கோட்டையிலிருந்து பீரங்கி வெடிப்பார்கள். இதய நோய் உள்ளவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

நீங்கள் அங்கே பார்த்ததில் மறக்க முடியாத காமெடி நாடகம் எது?
– வாசகி, தஞ்சாவூர்

பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது, எனக்கே நோட்டீஸைத் தொலைத்த பிறகு மறந்துவிட்டது. மேலே சொன்ன 'கண்ணை மூடிக்கொண்டு' கணக்கில் போனது. பகல் பதினொன்றரை மணி, வெளியே கொட்டும் மழை, ஒரு வகுப்பறை. ஐம்பது நாற்காலி, பார்க்க வந்தவர்கள் நான்கு பேர். நால்வரும் நாலு மூலையில் உட்கார்ந்திருந்தோம், பரீட்சை ஹால் மாதிரி. மேடையில் மூன்று பேர். காணாமல் போன நாயைத் தேடும் ஒரு கணவன் மனைவி, அந்த நாயாக நடிக்கும் ஓர் ஆறடி இளைஞன்.

முதல் பத்து நிமிடம் யாரும் சிரிக்கவில்லை. நாலு பேர் இருக்கும் அறையில் முதலில் சிரிப்பதற்குத் தைரியம் வேண்டும், எனக்கு இல்லை. அப்போது அந்தக் கணவனாக நடித்தவர் நாடகத்தை நிறுத்தி, "நீங்க நாலு பேரும் தயவுசெஞ்சு ஒரே வரிசைக்கு வர முடியுமா, எங்களுக்காக இல்லை, உங்களைப் பார்க்கப் பாவமா இருக்கு" என்றார். எழுந்து போய்ப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நாய் எங்களிடம் வந்து ஒவ்வொருவர் ஷூவையும் மோந்து பார்த்துவிட்டு, என் பக்கத்தில் இருந்த வயதான பெண்மணியின் காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டது. அந்த அம்மாள் யோசிக்காமல் அதன் தலையைத் தடவிக் கொடுத்தார். அவ்வளவுதான், ஏழு பேரும் சிரித்தோம், நடிகர்களும் சேர்ந்து. அதற்குப் பிறகு வந்த நாற்பது நிமிடத்தில் எது எழுதியது, எது அங்கேயே முளைத்தது என்று பிரிக்க முடியவில்லை.

முடிந்ததும் அந்த நாய் கதவருகே நின்று எல்லோருக்கும் கைகொடுத்தது. "நாளைக்கும் பதினொன்றரைக்குத்தான், யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றது. நான் மறுநாள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.